ராயக்கோட்டை தக்காளி மண்டி: ரயில் நிற்கும் ஊரில் லாரி ஏறும் பழம்

நூறு கிரேட் (25 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி) தக்காளியை ஒரே மூச்சில் விற்றுத் தீர்க்க வேண்டியவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டை நல்ல இடம். பத்து கிரேட் வைத்திருப்பவர் போவதற்கு முன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு கிலோ வேண்டும் என்பவருக்கு அங்கே வேலையே இல்லை. மதிப்பெண் கேட்டால், விற்றுத் தரும் வேகத்துக்கு ஐந்துக்கு நாலரை. விலை நிதானத்துக்கு இரண்டு. ஊருக்குள் ரயில் ஓடியும் அதைத் தக்காளிக்குப் பயன்படுத்திக்கொண்ட வகையில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு மண்டிக்காரர் யாரும் பொறுப்பில்லை. அதன் காரணம் ஊரின் சரித்திரத்தில் கிடக்கிறது.

முதலில் ஊர் இருக்கும் இடம். மேலே ஒசூர் மேட்டு நிலம், கீழே பாராமகால் எனப்படும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தாழ்வு; இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு போல ராயக்கோட்டை. ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய முப்பது முப்பது கிலோமீட்டர். மலைக்கோட்டையைக் கட்டியதும் இந்த வழியைக் காக்கத்தான். 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. 1799ல் திப்புவின் மேல் கடைசியாகப் போன ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸின் சேனையும் இந்தப் பக்கமாகத்தான் மேலே ஏறியது. கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற நினைப்பவர்கள் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். செங்குத்தான ஏற்றம், நிழல் குறைவு.

சேனை போன வழியில் பிறகு ரயில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 78 வரை இந்த வறண்ட தாலுகாக்களைச் சூறையாடிவிட்டுப் போனது. மழை பொய்த்தால் தானியம் கொண்டுவந்து சேர்க்க ரயில் வேண்டும் என்று 1880ல் பஞ்சக் கமிஷன் சொன்னது. அந்த யோசனையில் பிறந்த குட்டி ரயில்கள் இரண்டு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905ல் ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் ஒன்று. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 2 அடி 6 அங்குலம்தான். தருமபுரித் தடத்தை பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக 1913ல் ஒசூர் வரை நீட்டினார்கள்.

அந்த ரயிலுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்தது. மொரப்பூர் வழியாகப் போகும் ஜோலார்பேட்டை–சேலம் பாதை 5 அடி 6 அங்குல அகலப் பாதை. குட்டி ரயிலில் வந்த மூட்டை ஒவ்வொன்றையும் மொரப்பூரில் இறக்கி, பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். கேழ்வரகு, புளி, கொள்ளு மாதிரி நாலு நாள் கிடந்தாலும் கெடாத சரக்குக்கு இது கூலிச் செலவோடு போயிற்று. சாலையில் பஸ்ஸும் லாரியும் வந்தபின் அந்தக் கூலியும் கட்டுப்படியாகவில்லை. 1941ல், போர்க்காலத்தில், இரண்டு தடங்களையும் மூடிவிட்டார்கள்.

அடுத்த ரயில் வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. சேலம்–பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை தருமபுரி, ராயக்கோட்டை, ஒசூர் வழியாக 1960களின் கடைசியில் வந்தது, 1990களில் அகலப் பாதையாக மாறியது. இப்போது மின்சார இஞ்சின் ஓடுகிறது, ஆனாலும் ஒற்றைத் தடம்தான். நடுவில் ரயிலே இல்லாமல் கிடந்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஊரின் சரக்கு முழுவதும் லாரிக்குப் பழகிவிட்டது. பிறகு கிணறு ஆழமாகி, போர்வெல் வந்து, சொட்டுநீர் வந்து, மானாவாரிக் காடு தக்காளித் தோட்டமாக மாறியபோது அந்தப் பயிரும் லாரியின் மடியிலேயே வளர்ந்தது. ஓசூர்–ராயக்கோட்டை–பாலக்கோடு–அதியமான்கோட்டை சாலைக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை 844 என்று பெயர். பழைய குட்டி ரயில் தொட்ட பாலக்கோடு, ராயக்கோட்டை, ஒசூரை இதுவும் தொட்டுப் போகிறது.

மண்டியில் பேசும் அளவு கிரேட். பிளாஸ்டிக் கிரேட் ஒன்றுக்குப் பழம் 25 கிலோ என்று கணக்கு. விலை சொல்வதும் கிரேட்டுக்குத்தான். கிலோவுக்கு என்ன என்று தெரிய 25ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஏலத்தில் கலந்து ஓடும். வாங்குபவர்கள் சென்னை, பெங்களூரு, கேரளம் என்று பல திசைக்கு அனுப்புகிறவர்கள். மண்டியின் உண்மையான பலம் இதுதான். ஒரு ஊரில் விலை விழுந்தால் வேறு ஊருக்கு ஏற்ற ஆள் நிற்பார். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரே ஒரு வியாபாரி வந்து தோட்டத்தில் பேசும் விலைக்கும் இங்கே நாலு பேர் போட்டியில் வரும் விலைக்கும் உள்ள வித்தியாசம், நூறு கிரேட் என்றால் வண்டி வாடகையைத் தாண்டிவிடும். பத்து கிரேட் என்றால் தாண்டாது. சின்ன அளவில் பறிப்பவர்கள், அடையாள அட்டை எடுத்து உழவர் சந்தையில் தராசு பிடிப்பது மேல். அங்கே கமிஷன் கிடையாது. ஆனால் உட்கார்ந்து சில்லறையாக விற்க ஒரு ஆள் வேண்டும்.

தேர்ந்த வாங்குபவர் கிரேட்டின் மேல்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. கையை ஓரமாக விட்டு முழங்கை வரை இறக்குவார். அடியிலிருந்து ஒரு பழத்தை உருவி எடுத்து, காம்புக் குழியைப் பார்ப்பார், கட்டைவிரலால் அடிப்பக்கத்தை ஒருமுறை அமுக்குவார். விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். கையில் ஈரம் ஒட்டினால் விரலை மூக்கருகே கொண்டுபோவார். லேசாகப் புளித்த வாடை வந்தால் அடியில் ஒரு பழமாவது உடைந்திருக்கிறது. "அண்ணா, காய் கனிஞ்சிருச்சு, கோயம்பேடு போய்ச் சேராது" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் மறுப்பு. மேலே பெரிசு, அடியில் பொடிசு என்று அடுக்கும் வித்தை ஒருநாள் பலிக்கும். மறுநாள் அதே தோட்டத்துக் கிரேட்டைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், அதற்குள் பழம் அடிபடும், விலையும் அடிபடும்.

அதனால் மண்டியின் தரம் பாதி தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. சென்னைக்கோ கேரளத்துக்கோ போகும் பழம் என்றால் நுனியில் சிவப்பு கீறத் தொடங்கியதிலிருந்து கால்வாசி நிறம் வரை உள்ள செங்காயாகப் பறிக்க வேண்டும். ஒசூர், பெங்களூரு என்றால் பாதி நிறம் தாங்கும். முழுச் சிவப்பு உள்ளூர் ஓட்டலுக்கும் சில்லறைக் கடைக்கும்தான். நட்ட எழுபது நாளுக்கு மேல் பறிப்பு தொடங்கியதும் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை கட்டாயம் பறிக்க வேண்டும். ஒரு நடை தவறினால் மூன்று தரப் பழமும் ஒரே செடியில் சேர்ந்து நிற்கும், ஆள் கூலி இரட்டிக்கும்.

பனி காய்ந்தபின் பறிப்பது முக்கியம். ஈரத்தோடு கிரேட்டுக்குப் போன பழம் நடுவில் புழுங்கி, காம்புக் குழியில் பூஞ்சணம் பிடிக்கும். காம்பை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் திருகி எடுப்பது நல்லது. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் லாரி ஆடும் ஆட்டத்தில் பக்கத்துப் பழத்தைக் குத்தி ஓட்டை போடும். ஒரு ஓட்டைப் பழத்தின் சாறு கீழே வடிந்து ஐந்து பழத்தைக் கெடுக்கும். பறித்த கிரேட்டை வரப்பில் வெயிலில் அடுக்காமல், மர நிழலோ தென்னங்கீற்றுக் கொட்டகையோ பார்த்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றினால் பழத்தின் சூடு இறங்கும். குளிர்பதன அறை கிடைக்கிறதே என்று 10 டிகிரிக்குக் கீழே செங்காயை வைத்துவிடவும் கூடாது. வெளியே எடுத்தபின் ஒழுங்காகச் சிவக்காது, தோலில் குழி விழும், அழுகலும் சீக்கிரம் வரும். செங்காய்க்கு 13 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும்.

பெரிய நஷ்டம் எங்கே என்றால், கோபுரம் கட்டுவதில். கிரேட்டுக்குத்தானே விலை, கொஞ்சம் தாராளமாக இருந்தால் விலை ஏறும் என்று வாய்க்கு மேல் குவித்து 27 கிலோ வைப்பார்கள். கிரேட்டின் வடிவமே மேல் கிரேட்டின் பாரம் கீழ் கிரேட்டின் விளிம்பில் இறங்கும்படி செய்தது. பழம் விளிம்புக்கு மேல் எழும்பினால் அந்தப் பாரம் முழுவதும் பழத்தின் தலையில் இறங்கும். ஐந்து கிரேட் உயரம் அடுக்கினால் அடியில் இருப்பதன் மேல்வரிசை சட்னி. வாங்கியவர் அடுத்தமுறை விலையில் பிடித்துக்கொள்வார். ஏற்கெனவே இலவசமாகப் போனது வேறு: 100 கிரேட்டுக்கு 2 கிலோ வீதம் 200 கிலோ, அதாவது 8 கிரேட். வாயிலிருந்து இரண்டு விரல் தாழ்வாக நிரப்பி, எடை போட்டு 25 என்று நிறுத்துவதே லாபம். காலி கிரேட்டின் எடையைத் தனியாகப் போட்டுக் கழிக்க வேண்டும். எல்லாக் கிரேட்டும் ஒரே எடை இல்லை.

வெடித்த பழமும் அடிக்கருத்த பழமும் வராமல் இருக்கத் தண்ணீர்தான் மருந்து. நாலு நாள் காயப்போட்டு ஒருநாள் நிரம்பப் பாய்ச்சினால் உள்ளே சதை திடீரென்று உப்பும், தோல் தாங்காமல் காம்பைச் சுற்றி வெடிக்கும். அடிப்பக்கம் கருப்பாக அமுங்குவதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய. அது சுண்ணாம்புச் சத்து பழத்தின் நுனி வரை எட்டாததால் வருவது. தண்ணீர் விட்டுவிட்டு வரும் தோட்டத்தில் மண்ணில் சத்து இருந்தாலும் வரும். இலையில் வெள்ளைக்கோடு இழுத்து, காம்புப் பக்கம் ஊசி குத்தியது போல் துளை தெரிந்தால் அது ஊசிப்புழு. அந்தத் துளை மண்டியில் கண்ணில் பட்டால் கிரேட் முழுவதற்கும் விலை இறங்கும்.

பணத்துக்கு வருவோம். காய்கறி மண்டிகளில் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்பது வழக்கமான பேச்சு. கடைக்குக் கடை மாறும், இறக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் விவசாயியைக் கவிழ்ப்பது கமிஷன் இல்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத செலவுகள்தான். ஒரு கணக்குக்கு, பறிப்புக் கூலி, ஏற்று இறக்கு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து கிரேட்டுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிரேட் 200 ரூபாய்க்குப் போனால் கமிஷன் 20, செலவு 60, கைக்கு 120. அதே கிரேட் 80க்கு விழுந்தால் கமிஷன் 8, செலவு அதே 60, கைக்கு 12. அந்தப் பன்னிரண்டுக்குள் விதை, நாற்று, குச்சி, கயிறு, உரம், மருந்து எல்லாம் அடங்க வேண்டும். தோட்டத்திலேயே பழத்தை விட்டு மாட்டை மேயவிடுவது இந்தக் கணக்கில்தான். சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பார்த்து "இதை ஏழைகளுக்குக் கொடுக்கக் கூடாதா" என்று கேட்பவர்கள், பறித்துக் கொண்டுவரும் கூலியை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

விலை நிதானத்துக்கு இரண்டே மதிப்பெண் போட்டதற்குக் காரணம் ராயக்கோட்டையின் கையில் இல்லாதது. கர்நாடகத்துக் கோலாரும் ஆந்திரத்து மதனப்பள்ளியும் பெரிய தக்காளிச் சந்தைகள். அங்கே வரத்து பெருகினால் சென்னை வியாபாரி இங்கே கேட்கும் விலை அன்றே விழும். அங்கே மழையில் அடிவாங்கினால் இங்கே கிரேட் பறக்கும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. அதைப் பார்த்து நட்டவர்கள் பறிப்புக்கு வருமுன்பே விலை விழுந்துவிட்டது. ராயக்கோட்டை விலையை மட்டும் பார்த்து நடவு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. மூன்று சந்தையின் விலையையும் தினம் பார்க்க வேண்டும், ஒரே நாளில் முழு நிலத்தையும் நடாமல் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக நட வேண்டும்.

இனி அந்த ரயில் பூஜ்யம். பயணிகள் ரயிலில் கார்டு பெட்டியோடு ஒட்டிய சரக்கு அறை ஒன்றில் 4 டன் ஏற்றலாம். 25 கிலோ வீதம் 160 கிரேட். சிறிய ஸ்டேஷனில் வண்டி நிற்பது ஓரிரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு 120 நொடி. நொடிக்கு ஒன்றுக்கு மேல் கிரேட் ஏற்ற எந்த ஊர் ஆளாலும் முடியாது. முழுப் பார்சல் பெட்டி பிடித்தால் 23 டன், 920 கிரேட். அவ்வளவும் ஒரே ஊருக்குப் போக வேண்டும், ஒரே நேரத்தில் பிளாட்பாரத்தில் தயாராக நிற்க வேண்டும். லாரிக்குப் பத்து டன், 400 கிரேட் சேர்ந்தால் போதும், கதவடைத்துக் கிளம்பிவிடும்.

அடுத்தது, எத்தனை கை மாறுகிறது என்பது. லாரியில் மண்டியில் ஒருமுறை ஏற்றம், கோயம்பேட்டில் ஒருமுறை இறக்கம். ரயிலில் மண்டியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து பிளாட்பாரத்துக்கு, அங்கிருந்து பெட்டிக்கு. போய்ச் சேர்ந்த ஊரில் திரும்ப அதே மூன்று. ஆறு கை. ஒவ்வொரு கையிலும் கிரேட் தொப்பென்று விழும். மொரப்பூரில் மூட்டை மாற்றிய பழைய கதைதான், ஆனால் கேழ்வரகு தாங்கியதைத் தக்காளி தாங்காது. லாரிக்கு இன்னொரு வசதியும் உண்டு: பாதி வழியில் போன் வந்தால் வேறு சந்தைக்குத் திரும்பும்.

2020 ஆகஸ்ட் 7ல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில், அதாவது விளைபொருள் ஏற்றும் தனி ரயில், ஓடியது. காய்கனிக்குக் கட்டணத்தில் பாதி மானியம் அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தில் ரயில் ஜெயிக்கும். ராத்திரி ஏற்றி விடியலில் இறக்கிவிடும் சென்னைத் தூரத்தில் லாரியை அது ஜெயிக்க வழியில்லை. மொரப்பூர்–தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியதும் பயணிகளுக்கு நல்ல செய்தி. தக்காளிக்கு அதனால் பெரிய மாற்றம் வராது. வடக்கே தூரத்து ஊர்களுக்கு ஏற்ற வேண்டுமானால் மட்டும், பல மண்டிகள் சேர்ந்து ஒரு முழுப் பெட்டி பிடிப்பதை யோசிக்கலாம். ஒசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் பயன்படுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல்முறை சரக்கு கொண்டுபோகிறவர்கள் முந்தைய நாளே இரண்டு கடைகளில் ஏல நேரத்தையும், கமிஷனையும், பணம் அன்றைக்கா வாரக் கடைசியிலா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். வெயில் ஏறியபின் போய் நின்றால் நல்ல வாங்குபவர்கள் லாரியை நிரப்பிக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். சீட்டில் கிரேட் எண்ணிக்கை, விலை, கமிஷன், கூலி, கழிவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். சில ஊர் மண்டிகளில் நூறு கிரேட்டுக்கு இத்தனை என்று கழிவு பிடிக்கும் பழக்கம் உண்டு. அது இருக்கிறதா என்று இறக்குமுன் கேட்டால் பேசிக் குறைக்கலாம், இறக்கியபின் கேட்டால் சண்டைதான் மிச்சம். நடவுக்கு முன்பணம் வாங்குவது எளிது, வாங்கியவர் அந்தப் பருவம் முழுவதும் அதே கடையில்தான் இறக்க வேண்டும், பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் கூடுதலாகப் போனாலும்.

காலி கிரேட் கடைக்காரருடையதாக இருந்தால் எடுக்கும்போதே எண்ணி, விளிம்பு உடைந்தது எத்தனை என்று அதே சீட்டில் எழுதிவிட வேண்டும். திருப்பும்போது உடைந்ததற்கும் சேர்த்துக் காசு பிடிப்பார்கள். தோட்டத்துக்கு வந்த கிரேட்டை அப்படியே நிரப்பாமல், பழைய சாறு காய்ந்த மூலைகளைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து எடுக்கவும்.